கன்கஷன்: மூளையதிர்ச்சி என்று சொன்னால் போதுமா?

அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு அணியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், பெரும்பாலான மாநிலங்களில், பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு படிவத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். அதில் திரும்பத் திரும்ப வரும் சொல் கன்கஷன். தமிழ் வீடுகளில் இதைத் "தலையில் அடி" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அடி வேறு, அதனால் உள்ளே நேரும் காயம் வேறு.

தலையிலோ கழுத்திலோ உடம்பின் வேறு பகுதியிலோ விழுந்த மோதலின் விசை மூளைக்குப் போய்ச் சேர்ந்து, மூளையின் வேலை சிறிது காலம் குலைந்துபோவதுதான் கன்கஷன். அதற்கு மண்டை உடைய வேண்டாம், ரத்தம் வர வேண்டாம். நெஞ்சில் வேகமாக மோதித் தலை சடக்கென்று பின்னால் போனாலே போதும். மயங்கி விழவும் தேவையில்லை. கன்கஷன் ஆன பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் நினைவு தப்புவதே இல்லை. "மயங்கவில்லையே, அப்புறம் என்ன?" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'குவாட்டேரே' என்றால் உலுக்குதல். முன்னொட்டுச் சேர்ந்து 'கான்குட்டேரே' ஆகும்போது பலமாக உலுக்குதல் என்று பொருள். அதன் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது கன்கஷன். கச்சேரி மேடையில் தாளக் கருவிகளைச் சொல்லும் பெர்கஷனும், கலந்து பேசுவதைச் சொல்லும் டிஸ்கஷனும் இதே வேரில் கிளைத்தவை. ரோமானியச் சட்டத்தில் இதே சொல், மிரட்டி உலுக்கிப் பணம் பறிக்கும் குற்றத்துக்கும் பெயராக இருந்தது. பிரெஞ்சில் இன்றும் அதிகாரி முறைகேடாகப் பணம் பறிப்பதைத்தான் அது குறிக்கிறது. மருத்துவப் பொருளுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'கொமோசியோன் செரெப்ரால்' என்கிறார்கள். மண்டை உடையாமலே மூளை நிலைகுலையலாம் என்று முதலில் பிரித்துக் காட்டியவர் பத்தாம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவர் அல்-ராசி என்பது மருத்துவ வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது.

தமிழில் பரவலாக வழங்குவது மூளையதிர்ச்சி. வேர் சரியானதுதான். அதிர்தல் என்பதற்கு நடுங்குதல், குலுங்குதல் என்று பொருள். "அதிர வருவதோர் நோய்" என்று குறள் (429) சொல்வதும் நடுங்கச் செய்யும் துன்பத்தைத்தான். சிக்கல் 'அதிர்ச்சி' என்ற வடிவத்தில் இருக்கிறது. இன்று அந்தச் சொல் மனம் திடுக்கிடுவதற்கே உரியதாகிவிட்டது. போதாக்குறைக்கு, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலையையும் மருத்துவத் தமிழில் அதிர்ச்சி என்றே எழுதுகிறோம். "மாணவனுக்கு மூளையதிர்ச்சி" என்று படிப்பவருக்குப் பையன் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று தோன்றினால் அது அவர் குற்றமில்லை.

அதனால் 'மூளையதிர்வு' என்பதே மேல். பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போய் 'மூளையதிர்வுக் காயம்' என்றே எழுதலாம். காயம் என்று சொன்னால் ஆறுவதற்கு நாள் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கணுக்கால் சுளுக்கியவனை யாரும் அடுத்த ஐந்தாவது நிமிடம் ஓடவிடுவதில்லை.

அது ஏன் காயம் என்றால், மண்டையோட்டுக்குள் நீர்மம் சூழ இருக்கும் மூளை மிக மென்மையான உறுப்பு. ஓடும் தலை சட்டென்று நிற்கும்போது மூளை உடனே நிற்பதில்லை. அதைவிடக் கேடானது தலை திருகிச் சுழல்வது. அப்போது மூளையின் ஒரு பகுதி ஒரு வேகத்திலும் அடுத்த பகுதி வேறு வேகத்திலும் நகர, இடையில் ஓடும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அந்தச் சமநிலையை மீட்க அணுக்களுக்கு வழக்கத்தைவிட அதிகக் குளுக்கோஸ் தேவைப்படுகிறது. அதே வேளையில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது, மந்தம், எரிச்சல் எல்லாம் இந்தப் பற்றாக்குறைக் காலத்தின் அறிகுறிகள். சி.டி. ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். இந்த வேதிக் குழப்பம் அதில் தெரியாது. ஆகவே "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்றால் ரத்தக்கசிவு இல்லை என்றுதான் பொருள். மூளையதிர்வுக் காயம் இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இந்தச் சொல் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்ததற்குக் காரணம் அமெரிக்கக் கால்பந்து. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இதில்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் மோதி வீழ்த்துவதே இதன் உயிர்நாடி. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் இலையுதிர்கால வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஊரே பள்ளி மைதானத்தில்தான் இருக்கும். ஆலன் என்ற ஊரில் 18,000 பேர் அமரும் பள்ளி அரங்கத்தை 2012 இல் சுமார் 6 கோடி டாலர் செலவில் திறந்தார்கள். அவ்வளவு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது "தலை சுற்றுகிறது, நான் ஆடவில்லை" என்று சொல்லப் பதினைந்து வயதுப் பையனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! களத்துப் பேச்சும் அவனுக்கு உதவவில்லை. மூளை கலங்கியதை அங்கே 'டிங்' என்றார்கள். "மணி அடித்துவிட்டது" என்றார்கள். "உதறிவிட்டு ஆடு" என்றார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தச் செல்லப் பெயர்கள் காயத்தை மறைத்தே வந்திருக்கின்றன.

ஆட்டத்தின் ஆபத்து புதிதாகத் தெரிய வந்ததல்ல. 1905 இல் மாணவர் சாவுகள் பெரும் கண்டனத்தைக் கிளப்ப, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்து விதிகளை மாற்றினார்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது 1943 இல். ஆனால் கவசம் காப்பது மண்டையோட்டை. எலும்பு முறிவையும் பெரிய ரத்தக்கசிவையும் அது வெகுவாகக் குறைக்கிறது. உள்ளே மூளை குலுங்குவதையும் திருகுவதையும் அதனால் தடுக்க முடியாது. கடினக் கவசம் வந்த பிறகு தலையையே ஆயுதமாக்கி முட்டும் பழக்கம் பெருகியது. 1976 இல் பள்ளி, கல்லூரி விதிகள் அதைத் தடைசெய்ய வேண்டி வந்தது.

சிறுவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை மெலிது. அதனால் அதே மோதலில் தலை அதிகம் வீசப்படுகிறது. வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் ஏழு, எட்டு வயதுச் சிறுவர்களின் தலைக்கவசத்துக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்து, 2012 இல் முடிவை வெளியிட்டார்கள். சில மோதல்கள் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 80 மடங்கைத் தாண்டியிருந்தன. கடுமையான மோதல்களில் பெரும்பாலானவை போட்டியில் அல்ல, பயிற்சியில் நடந்தவை. சரிசெய்யக் கைக்கெட்டும் இடமும் அதனால் பயிற்சிதான். பாப் வார்னர் என்ற சிறுவர் அமைப்பு அதே 2012 இல் மோதல் பயிற்சியை மொத்தப் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்கியது. மூன்று கஜத்துக்கு மேல் விலகி நின்று நேருக்கு நேர் ஓடிவந்து மோதும் பயிற்சிகளையும் நிறுத்தியது. கலிபோர்னியாவில் 2021 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, சிறுவர் அணிகளுக்கு முழு மோதல் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நாளுக்கு 30 நிமிடம் மட்டும். பிள்ளையைச் சேர்க்கும் முன் பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: வாரத்தில் எத்தனை நிமிடம் மோதல் பயிற்சி?

களத்தில் ஐயம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. கழுத்து வலி இருந்தாலோ கை கால் மரத்திருந்தாலோ ஆளை அசைக்கவும் கூடாது, தலைக்கவசத்தைக் கழற்றவும் கூடாது. வெறித்த பார்வை, எழும்போது தள்ளாட்டம், தவறான அணிப் பக்கம் போய் நிற்பது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது ஆகியவை வெளியில் தெரியும் அடையாளங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பதால் அதிகம் பயனில்லை; அவை நினைவில் ஆழப் பதிந்தவை. நாம் எந்த மைதானத்தில் இருக்கிறோம், இப்போது எந்தப் பாதி நடக்கிறது, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டத்தில் எந்த அணியோடு ஆடினீர்கள், வென்றீர்களா என்று கேட்டால் குழப்பம் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் ஐயம் இருந்தால் வெளியேதான். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத உறக்கம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அன்றைக்கே இறக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2006 இல் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் முதல் பாதியின் முடிவில் தலை தரையில் மோத விழுந்தான். இரண்டாம் பாதியில் மறுபடி ஆடினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தவனுக்கு, மூளை வீங்கியதால் மண்டையோட்டின் பகுதிகளை அகற்றி அறுவை செய்ய வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தாலும் பேச்சையும் அசைவையும் பல ஆண்டுகள் போராடித்தான் மீட்டான். முதல் காயம் ஆறுமுன் விழும் இரண்டாவது மோதல், அரிதாகவே என்றாலும், மூளையைச் சில நிமிடங்களில் வீங்க வைத்துவிடும். இதை இரண்டாம் மோதல் பாதிப்பு எனலாம். அவன் பெயரால் 2009 இல் வாஷிங்டன் இயற்றிய சட்டத்தில் மூன்று கூறுகள்: முன்கூட்டியே கற்பித்தல், ஐயம் வந்தால் வெளியேற்றல், உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் திரும்ப இறக்காமை. 2014 க்குள் 50 மாநிலங்களிலும் இதையொட்டிய சட்டங்கள் வந்துவிட்டன. தொடக்கத்தில் சொன்ன படிவம் இந்தச் சட்டங்களின் வழி வந்ததுதான்.

பிறகு திரும்பும் வழி ஆறு படிகள் கொண்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு. திரை பார்ப்பதைக் குறைக்க வேண்டும். இருட்டறையில் நாள்கணக்காகப் படுக்க வைத்த பழைய முறையைக் கைவிட்டுவிட்டார்கள், அது குணமாவதைத் தாமதப்படுத்துகிறது. அன்றாட நடமாட்டம், நடை அல்லது நிலை சைக்கிள், தனியாக ஓட்டப் பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, முழு மோதல் பயிற்சி, கடைசியாகப் போட்டி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். பத்துக்கு இத்தனை என்று அளக்கும் தலைவலி இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். நான்காம் படிக்குப் போகுமுன் அறிகுறிகள் முழுதும் நீங்கியிருக்க வேண்டும். வகுப்பில் வழக்கம்போல் உட்கார்ந்து படிக்கவும் முடிய வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள்.

கன்கஷனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு பெயர் சி.டி.இ. தமிழில் 'நாட்பட்ட காயவழி மூளைச்சிதைவு' எனலாம். 1928 இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் குத்துச்சண்டை வீரர்களிடம் கண்டு, குத்துப்பட்டே போதையேறியவர்கள் என்ற பொருளில் பெயரிட்ட நிலைதான் இதன் முன்னோடி. என்.எஃப்.எல். அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002 இல் இறந்தபோது, நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையை ஆராய்ந்து, அமெரிக்கக் கால்பந்து வீரரிடமும் இது உண்டு என்று 2005 இல் வெளியிட்டார். டாவ் என்ற புரதம் மூளை மடிப்புகளின் அடியாழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றித் திரள்வதே இதன் அடையாளம். ஒரே ஒரு மூளையதிர்வினால் வருவதல்ல இது. அறிகுறியே காட்டாத சிறு மோதல்கள் பல ஆண்டுகள் சேர்ந்து இந்த ஆபத்தை வளர்க்கின்றன. எத்தனை ஆண்டு ஆடினார் என்பதையும் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பாஸ்டன் பல்கலைக்கழகம் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயதுக்கு முன் இறந்த 152 மோதல் விளையாட்டு வீரர்களின் மூளைகளில் 63 இல் சி.டி.இ. இருந்தது. அவை, பெரும்பாலும் ஐயம் கொண்ட குடும்பத்தார் தானமாகக் கொடுத்தவை என்பதால், விளையாடும் எல்லாரிலும் இதே விகிதம் என்று எழுதுவது பிழை. உயிரோடு இருக்கும் வீரருக்குச் சி.டி.இ. உறுதியானது என்று எழுதுவதும் பிழை. இறந்தபின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தே இன்றும் அதை உறுதிசெய்கிறார்கள். "சி.டி.இ. இருக்கலாம் என்று ஐயுறப்படுகிறது" என்பதே அங்கே சரியான தொடர்.