பதினெட்டு வயதுக்கு ஒரு நாள் குறைவு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகம் முழுக்க வாக்குப்பதிவு குறைந்துகொண்டே வருகிறதே, மக்களுக்கு அரசியல் வெறுத்துப் போய்விட்டதா?"

குறைவது பல நாடுகளில் உண்மைதான். பிரிட்டனில் 1950 பொதுத்தேர்தலில் 83.9 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், 2001ல் 59.4. சுவிட்சர்லாந்தின் நாடாளுமன்றத் தேர்தலில் 1979லிருந்து ஒரு முறைகூட 50 சதவீதத்தைத் தொடவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் வாக்குப்பதிவு ஏறியிருக்கிறது. அமெரிக்காவின் 2020 அதிபர் தேர்தலில் சுமார் 66 சதவீதம் பதிவானது. 1900க்குப் பிறகு அங்கே அதுதான் அதிகம்.

சரி, வெறுப்புதான் காரணமா? அப்படியானால் முன்பு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. பெரியவர்கள் பெரும்பாலும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் இறக்க இறக்க, அவர்கள் இடத்துக்கு வருகிற தலைமுறை தொடக்கத்திலிருந்தே குறைவாக வருகிறது. நீண்ட காலச் சரிவில் நிறுத்தியவர்களைவிட, தொடங்காதவர்களின் பங்கு பெரிது.

உடனே "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்பார்கள். இது ராசிபலன் மாதிரியான விளக்கம்: எதற்கும் பொருந்தும், எதையும் விளக்காது.

போய் வருகிற சிரமம் நிச்சயம், ஒரு ஓட்டால் முடிவு மாறுவதோ அபூர்வம்; இந்தக் கணக்குப்படி பார்த்தால் யாருமே ஓட்டுப் போடப் போக மாட்டார்கள். பொருளியல் அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1957லேயே இதைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவின் 2008 அதிபர் தேர்தலில் ஒரு தனி ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு சராசரியாக ஆறு கோடியில் ஒன்று என்று புள்ளியியல் அறிஞர் ஆண்ட்ரூ கெல்மனும் உடனிருந்தவர்களும் மதிப்பிட்டார்கள். அப்படியும் கோடிக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை இழுத்து வருவது எது? கடமை உணர்வு, கட்சிப் பற்று, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் எல்லாம் உண்டு. கூடவே பழக்கமும் இருக்கிறது.

பழக்கம் என்று சொல்வது சுலபம், நிரூபிப்பது கஷ்டம். போன தேர்தலில் ஓட்டுப் போட்டவர் இந்தத் தேர்தலிலும் போடுகிறார் என்றால், போன தடவை போட்டதுதான் காரணமா, அல்லது இயல்பிலேயே அவர் அரசியலில் அக்கறை உள்ள ஆளா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இதைப் பிரித்துக் காட்டப் பிறந்த தேதியைப் பயன்படுத்திய யோசனை இருக்கிறதே, சமூக அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அது ஒன்று.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பர் 7 அன்று நடந்தது. 1982 நவம்பர் 7ல் பிறந்தவருக்குச் சரியாக அன்றைக்கு 18 நிறைகிறது, ஓட்டு உண்டு. மறுநாள் 8ஆம் தேதி பிறந்தவருக்குக் கிடையாது. பதினெட்டு வருஷம் கழித்து வரப்போகும் தேர்தலை மனதில் வைத்து யாரும் பிள்ளை பெறுவதில்லை. அதனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கும் அந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கும் வசதி, படிப்பு, அரசியல் ஆர்வம் எதிலும் சராசரியாக வித்தியாசம் இருக்க வழியில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: 2000ல் ஒரு கூட்டத்துக்கு வாக்குச்சாவடிக் கதவு திறந்தது, இன்னொரு கூட்டத்துக்குத் திறக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து, 2004 நவம்பர் 2 அன்று, இரண்டு கூட்டத்துக்கும் 22 வயது நிறையச் சில நாட்கள்தான் பாக்கி. இப்போது இரு தரப்புக்கும் ஓட்டு உண்டு. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது ரகசியம் என்றாலும், போட்டாரா இல்லையா என்பதை அமெரிக்க வாக்காளர் பதிவேடுகள் குறித்து வைக்கின்றன. கலிஃபோர்னியாவின் பதிவேடுகளை வைத்து மார்க் மெரிடித் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். 2000ல் தகுதி பெற்ற பக்கம் 2004லும் சில சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வந்திருந்தது. சில புள்ளிகள்தானே என்று தள்ளிவிட வேண்டாம். 2000ல் தகுதி இருந்தும் பலர் போகவில்லை. போன ஒரு பகுதியினரிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம், போகாதவர்களையும் சேர்த்து எடுத்த சராசரியிலேயே தெரிகிறது. அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் விளைவு இன்னும் பெரிது.

இதே முடிவு வேறு வழியிலும் கிடைத்திருக்கிறது. 1998ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற அரசியல் அறிஞர்கள் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஓட்டுப் போடச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அந்த வருஷம் கூடுதலாக வந்தார்கள். அடுத்த வருஷம் உள்ளாட்சித் தேர்தலிலும் கூடுதலாகவே வந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆய்வுக்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றமே 2013ல், தேசப் பாதுகாப்புக்கோ பொருளாதாரத்துக்கோ உதவாத அரசியல் ஆய்வுகளுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தரக் கூடாது என்று விதி போட்டது. அடுத்த வருஷமே அது விலக்கப்பட்டது என்பது ஆறுதல். ஓட்டு வாங்கி ஜெயித்தவர்களே ஓட்டு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டாம் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்கிறது.

சரி, பழக்கம் என்றால் அது தொடங்கும் இடம் முக்கியம். 1970 வாக்கில் பல நாடுகள் வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் மார்க் ஃபிராங்க்ளின் என்ற அரசியல் அறிஞர் அதில் ஒரு சிக்கலைக் காட்டினார். பதினெட்டுக்கு ஒட்டிய வருஷங்களில்தான் பலர் படிக்கவோ வேலைக்கோ வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். புது ஊர், பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றே தெரியாது, "கிளம்பு, போய்விட்டு வரலாம்" என்று எழுப்பக் கூட ஆளில்லை. முதல் தேர்தல் அந்த நேரத்தில் வந்தால் தவறிவிடுகிறது, அப்புறம் தவறுவதே வழக்கமாகிவிடுகிறது. டென்மார்க்கில் அதிகாரப்பூர்வப் பதிவேடுகளைப் பார்த்தபோது, அப்போதுதான் 18 முடிந்தவர்கள் 19 வயதுக்காரர்களைவிடக் கூடுதலாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். பெற்றோருடன் இருப்பதும் தனியே போவதும்தான் அதில் பெரும்பங்கு.

பிரிட்டனின் 2001 தேர்தலையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1997ல் 71.4 சதவீதம், நான்கே வருஷத்தில் 12 புள்ளி சரிவு. இதைத் தலைமுறை மாற்றத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்த தேர்தல் அது, எல்லா வயதினரும் சோம்பியிருந்தார்கள். ஆனால் அப்போது ஐம்பது வயதானவர் ஒரு தேர்தலைத்தான் தவறவிட்டார். இருபது வயதுக்காரர் தன் முதல் தேர்தலையே தவறவிட்டார். சுவாரசியமில்லாத ஒரு தேர்தலின் விலையை அடுத்து வரும் பத்துத் தேர்தல்களும் கொடுக்க வேண்டியிருக்கும்.

2007ல் ஆஸ்திரியா வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியது. அங்கே பிறகு வந்த சில உள்ளூர்த் தேர்தல்களின் பட்டியல்களைப் பார்த்ததில், வீட்டில் இருக்கும் 16, 17 வயதினர் 18 முதல் 20 வரையிலானவர்களைவிட அதிகம் வந்திருந்தார்கள். கட்டாயப்படுத்துவதைவிட இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அபராதமும் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1922ல் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்த வாக்குப்பதிவு, கட்டாயமாக்கிய பிறகு 1925ல் 91ஐத் தாண்டியது. ஆனால் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் 1925லிருந்து 1948 வரை வாக்கெடுப்புக்கு வராதவர்களுக்கு அபராதம் இருந்தது. அந்தக் காலத்தில் பங்கேற்பு சுமார் 30 புள்ளி கூடியிருந்தது. சட்டத்தை எடுத்ததும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு போய்ப் போய்ப் பழகியவர்கள் அவர்கள். அபராதத்துக்குப் பயந்து போனது பழக்கமாக ஒட்டவில்லை.