ஸ்பிட்ஃபயர் இறக்கையில் இரண்டரை பாகை முறுக்கு

வாசகர் ஒருவர் உடைந்த இறக்கையின் படத்தோடு கேள்வி அனுப்பியிருந்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் வரைபடத்தை 12-இல் ஒரு பங்காகச் சுருக்கி, இறக்கை நுனிக்கு நுனி 94 சென்டிமீட்டர் அகலத்தில் ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) மாடல் செய்திருக்கிறார். நன்றாக ஏறுகிறது, வட்டமடிக்கிறது. ஆனால் தரையிறக்க வேகத்தைக் குறைத்ததும் ஒரு பக்க இறக்கை சட்டென்று தொங்கி, தலைகுப்புறக் கவிழ்கிறதாம். மூன்று முறை ஒட்டிவிட்டார். "அளவெல்லாம் பிசகாமல் எடுத்தேன், அப்புறம் ஏன்? பெரிய மாடல்கள் மட்டும் எப்படி அமைதியாக இறங்குகின்றன?"

அளவு பிசகாததுதான் சிக்கல். விமானம் 12 மடங்கு சிறிதாகிவிட்டது, அது பறக்கும் காற்றோ அதே காற்று.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பெரிய மாடலுக்குக் கால் அளவை எடுத்துக்கொள்வோம். நீளம் கால் பங்கானால் பரப்பு 16-இல் ஒன்று, கனஅளவு 64-இல் ஒன்று. அசல் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 சுமார் 2,600 கிலோ, இறக்கைப் பரப்பு 22.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 115 கிலோ வருகிறது. கால் அளவு மாடலுக்கு 2.8 மீட்டர் அகலமும் 1.4 சதுர மீட்டர் பரப்பும். பால்சா என்ற லேசான மரம், ப்ளைவுட், கண்ணாடி இழை, பெட்ரோல் இன்ஜின், சர்வோ மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 20 கிலோவில் முடித்தால் சதுர மீட்டருக்கு 14 கிலோதான். அசல் விமானத்தின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலேயே அது காற்றில் நிற்கும். சரி, சிறிய மாடல் இன்னும் லேசானது, அது இன்னும் சுலபமாகத்தானே பறக்க வேண்டும்?

இங்கேதான் ரெனால்ட்ஸ் எண் வருகிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் படித்திருப்பீர்கள். 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவே சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்திப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நேர்கோடாகப் போனது, வேகம் கூடியதும் கலைந்து குழாய் முழுக்கப் பரவியது. எது எப்போது நடக்கும் என்பதை வேகம், அளவு, பாகியல் (ஓட்டத்துக்குத் திரவமோ காற்றோ காட்டும் உள் உராய்வு) மூன்றும் சேர்ந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது. தரையிறங்கும் அசல் ஸ்பிட்ஃபயர் இறக்கைக்கு அந்த எண் சுமார் 50 லட்சம். கால் அளவு மாடலுக்கு நாலரை லட்சம். வாசகரின் விமானத்துக்கு ஒரு லட்சம்தான் தேறும்.

எண் குறைந்தால் என்ன ஆகிறது? இறக்கையின் மேற்பரப்பில் முன்பாதியில் அழுத்தம் குறைந்துகொண்டே போகும், காற்று சறுக்கிக்கொண்டு ஓடும். பின்பாதியில் அழுத்தம் மறுபடி கூடும். காற்றுக்கு அது மேடு. பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு ஏற்கெனவே உராய்ந்து களைத்துப்போயிருக்கும், மிதிக்கத் தெம்பில்லாத சைக்கிள்காரர் போல அது மேட்டில் பாதியிலேயே நின்றுவிடும். பெரிய இறக்கையில் இந்த அடுக்கு சுழற்சி ஓட்டமாக மாறிவிடுவதால், மேலே ஓடும் வேகமான காற்று ஓயாமல் கீழே கலந்து அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, மேடு ஏறிவிடுகிறது. சிறிய இறக்கையில் ஓட்டம் கடைசிவரை வரிச்சீராகவே இருக்கும், தள்ளிவிட ஆள் இல்லை. பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். அதுதான் ஸ்டால். ஒழுங்கான ஓட்டம் தோற்று, கலங்கிய ஓட்டம் ஜெயிக்கிற இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கோல்ஃப் பந்தில் குழி போடுவதும், மாடல் இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு நூலை ஒட்டிவைப்பதும் இதற்காகத்தான்.

இனி ஸ்பிட்ஃபயரின் வடிவம். நீள்வட்ட இறக்கை, நுனிக்குப் போகப்போக ஒடுங்கும். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலம் பாதியானால் அந்த இடத்தின் ரெனால்ட்ஸ் எண்ணும் பாதி. ஆக வாசகரின் இறக்கையில் நுனிப்பக்கம் ஐம்பதாயிரம்தான், அது முதலில் ஸ்டால் ஆகும். இரண்டு நுனியும் ஒரே கணத்தில் விடுவதில்லை, ஒன்று முந்திக்கொள்ளும், அந்தப் பக்கம் தொங்கும். உடனே நம் கை எதிர்ப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளும். அப்போது தொங்கும் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஏலரான் என்ற மடல் கீழே இறங்கி, தாக்குகோணத்தை (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை) இன்னும் கூட்டி, ஸ்டாலை ஆழமாக்குகிறது. காப்பாற்றப் போன கைதான் கவிழ்க்கிறது. மூக்கைத் தாழ்த்தி, வாலில் உள்ள ரட்டரால் நிமிர்த்தி, த்ராட்டில் கொடுக்க வேண்டும், ஆனால் மூன்று மீட்டர் உயரத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

அசல் விமானத்துக்கே இந்தக் கவலை இருந்தது. அதை வடிவமைத்த மிட்செல் குழுவினர் இறக்கையை முறுக்கி வைத்தார்கள். இறக்கையின் கோணம் உடலோடு சேரும் அடிப்பகுதியில் கூட்டல் 2 பாகை, நுனியில் கழித்தல் அரை பாகை. அதனால் அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆகும், விமானம் நடுங்கும், விமானி அதை ஸ்டிக்கிலும் இருக்கையிலும் உணர்ந்து சுதாரித்துக்கொள்வார். 1940-இல் சண்டையில் இறுக்கமாகத் திரும்பிய விமானிகளுக்கு இந்த நடுக்கம்தான் எச்சரிக்கை. தரையில் நிற்கும் நமக்கு அது வராது. ரேடியோவின் ஸ்டிக் எப்போதும் ஒரே ஸ்பிரிங் கனம்தான். அதனால் மாடலுக்கு முறுக்கு இன்னும் அவசியம்.

நான் கட்டிக்கொண்டிருக்கும் கால் அளவு இறக்கையில் நுனியோரம் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) ஒன்று இருக்கிறது. இரண்டரை பாகை முறுக்குக்கு அதன் பின்விளிம்பு 13 மில்லிமீட்டர் உயர வேண்டும். பலகையில் ரிப்புக்கு அடியில் ப்ளைவுட் துண்டு கொடுத்து ஊசி குத்தி, பசை காயும்வரை தொடுவதில்லை. வலதுக்கும் இடதுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் கழற்றி மறுபடி.

இந்தச் சின்ன ரெனால்ட்ஸ் எண்களில்தான் இன்றைய சிறிய ட்ரோன்கள் எல்லாம் பறக்கின்றன. நம் பொறியியல் கல்லூரிகளில் கண்காட்சிக்கு ட்ரோன் வாங்கப் பணம் கிடைக்கிறது, நல்ல குறைவேகக் காற்றுச் சுரங்கம் கட்டக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. விமானம் விழுந்தால் கண்பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நுனியில் நூல் ஒட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆய்வகம் இருந்தால் பழத்துக்கு வேலையே இல்லை.

வாசகருக்கு: நான்காவது முறை ஒட்டாதீர்கள், இறக்கையைப் புதிதாகக் கட்டுங்கள். நுனியில் மூன்று பாகை முறுக்கு கொடுங்கள், முன்விளிம்பைக் கூராக்காமல் உருண்டையாகத் தேயுங்கள். மேல் பால்சாத் தகடு ஒட்டுவதற்கு முன்பே இரு பக்கக் கோணத்தையும் அளந்துவிடுங்கள், தகடு ஒட்டிக் காய்ந்தபின் அந்த முறுக்கை யாராலும் மாற்ற முடியாது.