ரைபிளின் பிளாஸ்டிக் கட்டையைக் குறை சொல்லும் முன்

ஒருவர் பிளாஸ்டிக் கட்டை (குழலைத் தாங்கித் தோளில் பதியும் பகுதி) கொண்ட தம் ரைபிளைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். தொலைநோக்கியை இரண்டு முறை மாற்றிவிட்டார், தோட்டா வகையை மூன்று முறை மாற்றிவிட்டார். குறி நிலைக்கவே இல்லை. "குழலே போய்விட்டதா?" என்று கேட்டார்.

துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி வைத்தேன். ஒரு தாளைக் குழலுக்கும் அதன் அடியில் நீளும் முன்கட்டைக்கும் இடையில் செருகி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு ரைபிளை இருகால் தாங்கியில் நிறுத்தி, சுடும்போது அழுத்துவது போலவே தோளால் முன்னுக்குத் தள்ளச் சொன்னேன். இப்போது தாள் நகரவில்லை. பலமாக இழுத்ததும் கிழிந்தது.

கோளாறு அங்கேதான் இருந்தது. மலிவான ரைபிள்களின் கட்டையை அச்சில் வார்க்கும்போது முன்பகுதியை உள்ளே வெற்றிடமாக விட்டு, மெல்லிய விலா எலும்புகளைப் போன்ற தடுப்புகளை மட்டும் வைக்கிறார்கள். எடை படும்போது அது வளைந்து குழலைத் தொடுகிறது. தோட்டா வெளியேறும் நொடியில் குழல் அதிரும். அந்த அதிர்வில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அழுத்தம் குறுக்கிட்டால் குண்டு ஒரே இடத்தில் எப்படி விழும்? தோள்வாரை இறுக்கிப் பிடித்தாலும் இதே கதைதான்.

இதனால் பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். 1959-ல் வந்த ரெமிங்டன் நைலான் 66 ரைபிள் முழுக்க நைலான் கட்டை கொண்டது. 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. நல்ல பிளாஸ்டிக், மரத்தைப் போல மழையில் முறுக்கிக்கொள்வதில்லை. குறை, பொருளைவிட வார்ப்பின் மெலிவில்தான் இருக்கிறது.

முதலில், கட்டையையும் இரும்பு உடலையும் பிணைக்கும் திருகாணிகளைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன முறுக்களவுக்கு, அளவு காட்டும் திருப்புளியால் இறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கும். என்னிடம் வரும் 'மாற்ற வேண்டிய' கட்டைகளில் சில இதிலேயே சரியாகிவிடுகின்றன.

அடுத்து முன்கட்டை. இடைவெளி வேண்டும் என்று பலர் உப்புத்தாளை எடுத்து உட்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே மெலிந்த சுவர் இன்னும் மெலிகிறது. முதலில் விறைப்பூட்டுங்கள்: வெற்றிடத்தில் கார்பன் குழாய்களைப் படுக்கவைத்து, இறுகிக் கெட்டியாகும் பசையான எபாக்சியை ஊற்றுவது நான் விரும்பும் முறை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகையால் ஆன கட்டையில் எபாக்சி ஒட்டாது. உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி, சாய்வாகச் சிறு துளைகள் இட்டால்தான் கவ்விப் பிடிக்கும். ஒரே மூச்சில் நிறைய ஊற்றினால் எபாக்சி சூடேறிக் கட்டையையே கோணலாக்கிவிடும். அடுக்கடுக்காக ஊற்றுங்கள்.

இரும்பு உடல் அமரும் இடத்தை எபாக்சியால் படுகை அமைத்துச் செம்மைப்படுத்துவது அனுபவமுள்ள கைக்கு உரிய வேலை. ஒட்டாமல் தடுக்கும் மெழுகை ஓரிடத்தில் பூச மறந்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படி வந்த ஒரு ரைபிளைக் கட்டையை வெட்டித்தான் பிரித்தேன். உரிமையாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

கட்டையையே மாற்றுவதானால் ரைபிளின் மாதிரி, இரும்பு உடலின் நீளம், குழலின் பருமன், தோட்டாக்கூட்டின் வகை, இடக்கையா வலக்கையா எல்லாம் பொருந்த வேண்டும். ஒரே இடத்தில் படுத்துச் சுடுபவருக்கு அலுமினியச் சட்டம் நல்லது. தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு ஃபைபர் கிளாஸ்தான் என் பரிந்துரை.

என் உண்மையான கவலை இதற்குப் பின்புதான் தொடங்குகிறது. புதுக் கட்டையோடு வந்த முன் திருகாணி சற்று நீளமாக இருந்தால், அதன் முனை போல்ட்டின் பூட்டுப் பல்லை இடிக்கும். சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை கட்டையின் விளிம்பில் உரசினால் முழுதாகத் திரும்பி வராது. பாதுகாப்புத் தாழ் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே தோட்டா இல்லாமல், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துச் சோதியுங்கள். போல்ட்டை ஏற்றி, பாதுகாப்புத் தாழை இட்டு விசையை இழுங்கள். விரலை எடுத்தபின் தாழைத் திறங்கள். அப்போது 'டக்' என்று, தோட்டாவைத் தட்டும் ஊசி விழுந்தால் அந்த ரைபிளில் தோட்டா ஏற்றவே கூடாது. விழாவிட்டால், போல்ட்டைச் சற்று வேகமாக அடித்து மூடியும் பாருங்கள்; அப்போதும் ஊசி விழக் கூடாது.

இதில் தேறியபின் களத்தில் குறியைப் புதிதாகச் சரிசெய்து, 20 தோட்டாக்கள் சுட்டதும் துப்பாக்கியைக் காலிசெய்துவிட்டுத் திருகாணிகளை மறுபடி அளந்து பாருங்கள்.