டியர்: தரமா, நிலையா?

விசித்திரப் பிராணிகளை மோதவிடும் போகிமான் வீடியோ கேமை ஆடுகிற பிள்ளைகள் நாலு பேர் கூடினால் ஓயாமல் புரளும் சொல் 'டியர்' (tier). எந்தப் பிராணி எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்வது. டியர் லிஸ்ட், டாப் டியர், டியர் ஷிஃப்ட். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் தொல்லை. டியர் என்று எழுதினால் காதல் கடிதத்தின் முதல் வரி மாதிரி இருக்கிறது. டயர் என்று எழுதினால் காட்பாடி ரோட்டுப் பஞ்சர் கடைதான் கண்முன் வருகிறது. அதனால் பலரும் 'தரவரிசை', 'தரப்பட்டியல்' என்று போட்டு ஒப்பேற்றி விடுகிறார்கள். எனக்கு அந்தத் 'தரம்' என்ற சொல்மீதுதான் வழக்கு.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 'இழு' என்று பொருள்படும் 'தீரே' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து 'வரிசை' என்ற பொருளில் ஒரு பெயர்ச்சொல் பிறந்தது. அது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வண்டிச் சக்கரத்து டயருக்கும் இதற்கும் உறவில்லை, ஒலி மட்டும்தான் ஒட்டுகிறது. ஆக, பிறப்பிலேயே இது இடத்தைக் குறிக்கும் சொல். உயர்வு தாழ்வு பிற்பாடு ஏறிக்கொண்டது. எஸ், ஏ, பி, சி என்று எழுத்து போட்டுப் பிரிக்கும் வழக்கமும் உண்டு. ஏ-வுக்கு மேலே எஸ் வைப்பது ஜப்பானிய மதிப்பெண் பழக்கம்.

போகிமான் போட்டி உலகில் இந்தச் சொல்லுக்கு இறுக்கமான பொருள் கொடுத்தது ஸ்மோகன் என்ற ஆட்டக்காரர் குழு. அவர்களுடைய ஓயூ, யூயூ, ஆர்யூ, என்யூ என்ற பிரிவுகள் எல்லாமே பயன்பாட்டை வைத்துப் பிரித்தவை. ஓயூ என்றால் அதிகம் பயன்படுவது, யூயூ என்றால் குறைவாகப் பயன்படுவது, ஆர்யூவும் என்யூவும் அதைவிடக் குறைவு. இவற்றுக்கும் அடியில் உள்ள பீயூ எதன் சுருக்கமும் அல்ல, நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லும் கிண்டல். ஓயூவுக்கும் மேலே உள்ள ஊபர் ஜெர்மன் சொல். 'மேலே' என்று பொருள். வாடகைக் காருக்குப் பெயர் வைத்ததும் இதே சொல்லைத்தான்.

கணக்கு எப்படி என்றால், ஓர் ஆட்டக்காரர் பதினைந்து ஆட்டம் ஆடினால் ஒரு போகிமானை ஒரு தடவையாவது எதிரணியில் சந்திக்க ஐம்பது சதவீத வாய்ப்பு இருக்க வேண்டும். அதற்கு அது 4.52 சதவீத அணிகளில் இடம்பெற வேண்டும். எட்டினால் ஓயூ, எட்டாவிட்டால் கீழே. ஓர் அணிக்கு ஆறு பேர் என்பதால் எல்லாப் போகிமான்களின் பயன்பாட்டையும் கூட்டினால் எப்போதும் 600 சதவீதம்தான் வரும், கூடவும் முடியாது குறையவும் முடியாது. புதிதாக ஒன்று வந்து முப்பது சதவீத அணிகளில் உட்கார்ந்தால், அந்த முப்பதை வேறு யாரோ இழந்திருக்க வேண்டும். இழந்தவர் முன்னைவிடப் பலவீனம் ஆனாரா? கிடையாது. நாற்காலி போயிற்று, அவ்வளவுதான்.

அத்தோடு நிற்பதும் இல்லை. ஓயூவுக்கு ஏறியது யூயூவில் ஆட முடியாது என்பது விதி. அது ஏறிப்போனதும் யூயூவில் அதற்குப் பயந்து ஒதுங்கியிருந்தவை வெளியே வரும், அதை அடக்குவதற்காகவே அணியில் வைத்திருந்தவை வேலை இழக்கும். உச்சியில் ஒன்று நுழைந்தால் பீயூ வரைக்கும் ஆட்டம் காணும்.

இதற்கு லேண்டரஸ் என்ற போகிமான் நல்ல உதாரணம். அதன் 'தெரியன்' என்ற மாற்று வடிவம் ஆண்டுக்கணக்கில் ஓயூவின் முதலிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2019 நவம்பரில் சுவார்டு, ஷீல்டு ஆட்டங்கள் வந்தபோது பழைய போகிமான்களில் பெரும்பகுதியைச் சேர்க்கவே இல்லை. புது ஆட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றவை 400தான். போகிமான் பட்டியலுக்குப் பெயர் 'போகிடெக்ஸ்' என்பதால், பிரெக்ஸிட்டைக் கேலி செய்து ரசிகர்கள் இதை 'டெக்ஸிட்' என்றார்கள். லேண்டரஸும் வெளியே நின்றது. அது பார்த்துவந்த வேலை எக்ஸ்காட்ரில், ஹிப்போடன் போன்ற மற்ற நிலவகைப் போகிமான்களுக்குப் போயிற்று. 2020 அக்டோபரில் கிரவுன் டன்ட்ரா என்ற கூடுதல் பகுதியோடு லேண்டரஸ் திரும்பி வந்ததும் பழையபடி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அதன் தாக்குதல் எண்ணோ தற்காப்பு எண்ணோ ஒரு புள்ளிகூட மாறவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அதே 2019 நவம்பரில்தான் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின, ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின. தோல் தொழிலில் மாவட்டங்களை வரிசைப்படுத்தினால் வேலூரின் இடம் ஒரே நாளில் மாறியிருக்கும். கோட்டையும் அகழியும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

பட்டியல் மாறுவது என்றால் ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் மட்டுமில்லை, ஒரே ஒரு புது வித்தை வந்தாலும் போதும். சாரிஸார்டு என்ற போகிமானின் கதை அப்படி. 1996இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே பிள்ளைகளின் செல்லம் அது. 2006இல் டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில் 'ஸ்டெல்த் ராக்' என்ற வித்தை நுழைந்தது. எதிராளியின் பக்கம் கூரான பாறைகளை மிதக்க விடுவது; உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அது குத்தும். பாறையடி கூடுதலாகவோ குறைவாகவோ படாத வகையினருக்கு உயிரில் எட்டில் ஒரு பங்கு போகும். சாரிஸார்டு நெருப்பும் பறவையுமாக இரட்டை வகை. இரண்டுமே பாறைக்கு ஆகாது, அதனால் அடி நான்கு மடங்காகி, உள்ளே காலை வைத்ததுமே பாதி உயிர் போய்விடும். சத்துவாச்சாரியில் என் அக்கா மகன் ஃபோனில் ஆடும்போது தன் சாரிஸார்டை ஆசையாக இறக்கினான். பச்சையாக இருந்த உயிர்க்கோடு சட்டென்று பாதிக்கு வந்து மஞ்சளானது. "இன்னா மாமா இது, ஒரு அடிகூட வாங்கல, பாதி உயிர் பூட்ச்சு!" என்றான். அந்த ஆட்டத் தலைமுறையில் சாரிஸார்டு அடிப்பிரிவுகளுக்குச் சரிந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

2013இல் எக்ஸ், ஒய் ஆட்டங்கள் அதற்கு 'மெகா' என்ற பலம் கூடிய வடிவங்கள் இரண்டைக் கொடுத்தன, சாரிஸார்டு ஓயூவுக்கு ஏறியது. 2019இல் மெகா வசதியையே எடுத்துவிட்டார்கள், மறுபடி இறக்கம். அதே ஆண்டில் இப்படிப்பட்ட பொறிகளைத் தாங்க போகிமான் அணியும் பூட்ஸ் ஒன்றும் வந்ததால் பாறை பயம் மட்டும் விட்டது. இதில் எந்த ஆண்டுச் சாரிஸார்டைத் 'தரம் குறைந்தது' என்று எழுதுவீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கதை. 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் செ-ஜுன் பச்சிரிசு என்ற மின்னணிலை வைத்துக்கொண்டு பட்டம் வென்றார். பெயரைத் தமிழில் எழுதினால் ரேஷன் கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம். அந்த ஆண்டு எக்ஸ், ஒய் ஆட்டங்களின் கலோஸ் என்ற பகுதிப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே அனுமதி. இரண்டு இரண்டாக இறங்கும் ஆட்டம் அது. எதிரியின் அடியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் அணியில் இருந்த கையாரடோஸ் என்ற போகிமானுக்கு மின்னடி ஆகவே ஆகாது, பச்சிரிசுக்கோ மின்னடி பட்டால் உயிர் ஏறும். பட்டியல் அகலமாக இருந்தால் அந்த வேலைக்கு வேறு நாலு பேர் வரிசையில் நின்றிருப்பார்கள். பட்டியல் சுருங்கியதால்தான் யாரும் சீண்டாத அணில் உலக மேடை ஏறியது.

சரி, அப்படியானால் டியருக்குத் தமிழ் என்ன? 'தரம்' பொருளுக்குள்ளேயே இருக்கும் குணத்தைச் சொல்கிறது. தரமான தோல், தரமான அரிசி என்கிறோம். இங்கே பேச்சு குணத்தைப் பற்றியதே அல்ல. 'அடுக்கு' பரவாயில்லை, ஆனால் அடுக்கியது அடுக்கியபடி கிடக்கும் தோரணை அதில் உண்டு. என் ஓட்டு 'நிலை'க்கு. கோபுரம் கட்டுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் சொல் அது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நிற்பது ஏழுநிலைக் கோபுரம். பத்திரிகைகளும் 'டியர் டூ சிட்டி' என்பதை 'இரண்டாம் நிலை நகரம்' என்றுதான் எழுதுகின்றன. நிலை ஏறலாம், இறங்கலாம், ஒருத்தர் போனால் இன்னொருத்தர் நிற்கலாம். நமக்கு வேண்டியதும் அதுதான்.

டியரோடு கூடவே வரும் 'ரோஸ்டர்', அதாவது ஆட்டத்தில் சேர்த்த போகிமான்களின் பட்டியல், நர்ஸ்கள் நிறைந்த இந்த ஊருக்குப் புதிய சொல் அல்ல, டியூட்டி ரோஸ்டர் தெரியாத வீடு குறைவு. டச்சு மொழியில் இறைச்சி சுடும் கம்பித் தட்டுக்குப் பெயர் 'ரோஸ்டர்'. கம்பி கம்பியாகக் கோடு கிழித்த தாள் அதுபோல இருந்ததால் பட்டியலுக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. 'ஆட்டப்பட்டியல்' என்றால் போதும்.

பிள்ளைகள் சொல்லும் இன்னொரு சொல்லான 'மெட்டா' கிரேக்க முன்னொட்டு. அப்பால், பின்னால் என்று பொருள். 'மோஸ்ட் எஃபெக்டிவ் டாக்டிக் அவைலபிள்' என்பதன் சுருக்கம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது பிற்பாடு ஒட்டவைத்த கதை. யார் எதை ஆடுகிறார்கள், எதற்கு எது எடுபடுகிறது என்ற அன்றைய மொத்தச் சூழல்தான் மெட்டா. அதற்குத் தமிழில் 'நிலவரம்' என்று அச்சடித்ததுபோல ஒரு சொல் இருக்கிறது. நேதாஜி மார்க்கெட் தக்காளி விலை நிலவரம் என்கிறோமே, அதேதான். வேடிக்கை என்னவென்றால் பழைய வழக்கில் நிலைவரம் என்றால் உறுதி. தமிழ் வேதாகமத்துச் சங்கீதத்தில் 'நிலைவரமான ஆவி' என்று வருவது அசையாத ஆவி. இன்றைக்கோ காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாறுவதற்கெல்லாம் நிலவரம் என்று பெயர்.

அப்புறம் எழுதும் முறை. ஓயூவை முதல்நிலை, யூயூவை இரண்டாம் நிலை என்று கீழே போகலாம். ஊபரை மேனிலை எனலாம். டியர் ஷிஃப்ட் நிலைமாற்றம். "புதுப் பட்டியல் வந்ததும் நிலவரம் மாறி, லேண்டரஸ் முதல்நிலைக்கு ஏறியது" என்று எழுதிப் பாருங்கள், ஆடுகிற பிள்ளைக்கும் புரியும், ஆடாத பெரியவருக்கும் புரியும். லேண்டரஸை மட்டும் தமிழ்ப்படுத்த வேண்டாம்.