விமானங்கள் எல்லாம் ஏன் ஒரே ஜாடை?

ஏர்பஸ் ஏ320நியோவின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 35.8 மீட்டர். அமெரிக்காவின் போயிங் 737 மேக்ஸ் 35.9. சீனாவின் சி919 35.8. ரஷ்யாவின் எம்சி-21 35.9. நான்கையும் வடிவமைத்தது ஒன்றோடொன்று போட்டி போடும் வெவ்வேறு நிறுவனங்கள். அளவு மட்டுமல்ல, உருவமும் அப்படித்தான்: நீண்ட உருளை உடல், கீழ்ப்பக்கத்தில் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள், அவற்றுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு இன்ஜின், கடைசியில் வால். மேலே பூசிய வண்ணத்தை எடுத்துவிட்டால், பழகாத கண்ணுக்கு எது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

காப்பியடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒரே கேள்வித்தாளை எழுதுகிறவர்களுக்குச் சரியான விடை ஒன்றாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விகள் என்னென்ன என்று பார்த்தால், இந்த உருவத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் கிடைக்கிறது.

முதலில் அந்த 36 மீட்டர் விஷயம். சர்வதேச விதிகள் விமானங்களை இறக்கையின் அகலத்தை வைத்து வகை பிரிக்கின்றன. 'சி' வகை 36 மீட்டருக்குள், 'ஈ' வகை 65 மீட்டருக்குள் இருக்க வேண்டும். விமானம் நிற்கும் இடமும் ஓடும் பாதையும் அதை வைத்தே திட்டமிடப்படுகின்றன. இறக்கை நீளமாக இருந்தால் காற்றின் இழுவை குறையும், எரிபொருள் மிச்சமாகும். ஆகவே எல்லோரும் எல்லைக் கோட்டைத் தொடும் அளவுக்கு நீட்டுகிறார்கள். பெரிய விமானங்களிலும் அதே கதைதான்: ஏ350 64.75 மீட்டர், போயிங் 777-300இஆர் 64.8. புதிய 777எக்ஸுக்கு 71.75 மீட்டர் தேவைப்பட்டது. அதனால் தரையில் இறக்கை முனைகளை மடக்கி 64.85 மீட்டருக்குள் அடங்கும்படி செய்துவிட்டார்கள்.

உடல் ஏன் உருளை? 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மூச்சுவிடப் போதாது. உள்ளே காற்றை அழுத்தி வைக்க வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கணக்குப் போட்டால், சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 6 டன் எடை வெளியே தள்ளுவதற்குச் சமம். தட்டையான சுவர் இதைத் தாங்க வேண்டுமானால் மிகவும் கனமாக இருக்க வேண்டும். வட்டமான சுவரில் அந்த விசை சுற்றிலும் சமமாக இழுபடும், மெல்லிய தகடே போதும். மூலை இருந்தால் என்ன ஆகும் என்பதை பிரிட்டனின் காமெட் விமானம் 1954இல் கொடூரமாகக் காட்டியது. பறப்புக்குப் பறப்பு அழுத்தம் ஏறி இறங்க, உடலில் இருந்த திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்து விரிசல் விட்டது. விமானங்கள் வானிலேயே சிதறின. இன்றைய ஜன்னல்களின் முனைகள் வளைந்திருப்பதில் அந்தப் பாடம் இருக்கிறது. உருளைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு: நடுவில் ஒரு துண்டைச் சேர்த்தால் விமானம் நீளமாகிவிடும். ஏ318 முதல் ஏ321 வரை ஒரே குறுக்களவு, நீளம்தான் வேறு.

இறக்கை சாய்ந்திருப்பதற்குக் காரணம் வேகம். ஜெட் பயணி விமானங்கள் ஒலிவேகத்தில் 78 முதல் 85 சதவீத வேகத்தில் பறக்கின்றன. ஆனால் இறக்கையின் மேற்புறத்தில் காற்று இன்னும் விரைந்து ஓடுவதால் அங்கே ஒலிவேகத்தைத் தாண்டிவிடும். அதிர்ச்சி அலை உருவாகும், இழுவை மளமளவென்று ஏறும். இறக்கையைச் சாய்த்துவிட்டால், அதன் முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் காற்றின் வேகம் மட்டுமே கணக்கில் வரும். இறக்கைக்கு விமானம் மெதுவாகப் போவது போல இருக்கும். ஜெர்மனியின் அடால்ஃப் புஸ்மான் 1935இலேயே இதைச் சொன்னார். அன்று பறந்தவை புரொப்பெல்லர் விமானங்கள், அவற்றுக்கு இது தேவைப்படவில்லை. போர் முடிந்த 1945இல் போயிங் பொறியாளர் ஜார்ஜ் ஷெய்ரர் ஜெர்மன் ஆய்வுத் தரவுகளை நேரில் பார்த்து, தன் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பினார். நேரான இறக்கையோடு வரையப்பட்டிருந்த பி-47 குண்டுவீச்சு விமானம் 35 டிகிரி சாய்ந்த இறக்கையோடு 1947 டிசம்பரில் பறந்தது.

என் பார்வையில் இன்றைய பயணி விமானத்தின் தாய் அந்த பி-47தான். அதன் இன்ஜின்கள் கூடுகளுக்குள் இறக்கைக்குக் கீழே தொங்கின. அது அப்போது தெளிவான முடிவு அல்ல. 1952இல் சேவைக்கு வந்த காமெட்டில் இன்ஜின்கள் இறக்கையின் அடிக்குள் புதைந்திருந்தன. பார்க்க அழகு. ஆனால் இன்ஜின் தீப்பிடித்தாலோ உடைந்தாலோ இறக்கைக்கே ஆபத்து. தொங்கும் இன்ஜின் தள்ளியே இருக்கிறது, கழற்றிப் பழுது பார்ப்பதும் எளிது. அதைவிடப் பெரிய லாபம் எடையில் இருக்கிறது. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும், உடலின் எடை நடுவில் கீழே இழுக்கும். இடையில் மாட்டிக்கொள்வது இறக்கையின் வேர். அங்கே வளைக்கும் விசை அதிகம். இறக்கையின் நடுவாக்கில் கனமான இன்ஜினைத் தொங்கவிட்டால் அந்த விசை குறையும், இறக்கையை இலேசாகச் செய்யலாம். எரிபொருளை இறக்கைக்குள் நிரப்புவதிலும் இதே லாபம் உண்டு.

மாற்று வழிகளை முயலாமல் இல்லை. 1955இல் பறந்த பிரான்சின் காரவெல் இன்ஜின்களை வாலருகே வைத்தது. இறக்கை சுத்தமாக இருக்கும், முன்பக்கம் அமைதியாக இருக்கும். டிசி-9, போயிங் 727, விசி10, சோவியத்தின் இல்-62 என்று ஒரு தலைமுறையே அந்த வழியில் போனது. சில விலைகளும் கொடுக்க வேண்டியிருந்தது. வால் பகுதி கனத்தது. கிடைமட்ட வாலை உச்சியில் வைத்த விமானங்களில், மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தால் இறக்கையின் கலங்கிய காற்று வாலை மூடிவிடும், விமானியால் மூக்கைக் கீழே கொண்டுவர முடியாமல் போகலாம். 1963இல் பிஏசி ஒன்-இலெவன் சோதனை விமானம் இப்படித்தான் விழுந்து, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

கடைசியில் முடிவு செய்தது இன்ஜினின் பருமன். கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம். அதனால் முன்விசிறி தலைமுறைக்குத் தலைமுறை பெரிதானது. 777எக்ஸின் விசிறிக்குக் குறுக்களவு 3.4 மீட்டர்! இதை இறக்கைக்குள் புதைக்க முடியாது, வாலில் வைத்தால் பின்பாரம் தாங்காது. இறக்கைக்குக் கீழே தொங்கவிடுவதற்கும் தரையிலிருந்து உயரம் வேண்டும். 1960களின் ஒல்லி இன்ஜின்களுக்காகத் தாழ்வாக வடிவமைத்த 737க்கு அது இல்லை. 1984இல் வந்த 737-300இல் இன்ஜின் கூட்டின் அடியைத் தட்டையாக்கினார்கள். மேக்ஸில் இன்ஜினை முன்னே தள்ளி உயர்த்தினார்கள். அதனால் மாறிய பறப்புத்தன்மையைச் சரிக்கட்ட ஒரு மென்பொருளைச் சேர்த்தார்கள். ஒரு சென்சாரின் தவறான தகவலை நம்பி அது மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்தியதில், 2018, 2019 விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். வடிவத்தின் நியாயத்தை அரைகுறையாகப் பின்பற்றுவதற்கு எவ்வளவு பெரிய விலை என்பதை நினைக்கும்போதே மனம் கனக்கிறது.

இன்ஜின்கள் இரண்டாகக் குறைந்தது நம்பகத்தன்மை வளர்ந்ததால். இரண்டு இன்ஜின் விமானத்துக்கு, ஒரு இன்ஜின் நின்றாலும் 60 நிமிடத்தில் இறங்க இடம் வேண்டும் என்ற பழைய அமெரிக்க விதி, 1985இல் 120 நிமிடம் ஆனது, 1988இல் 180. பெருங்கடலைத் தாண்ட நான்கு இன்ஜின் தேவையில்லை என்றானதும் போயிங் 747இன் காலமும் முடிந்தது.

கேள்வித்தாள் மாறினால் விடையும் மாறும். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் முக்கோண இறக்கையோடு வேறு ஜாதிப் பறவையாக இருந்தது. மெதுவாகப் பறக்கும் ஏடிஆர் 72க்குச் சாய்வு தேவையில்லை, நேரான இறக்கைதான். புரொப்பெல்லர் தரையில் படாதபடி இறக்கை மேலே இருக்கிறது.

உடலும் இறக்கையும் ஒன்றாய்க் கலந்த விமானம் இழுவையை நன்றாகக் குறைக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் அதன் அகன்ற அறை உருளை அல்ல, அழுத்தத்தைத் தாங்க எடை கூடும். பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற விதிக்கும் அது வழி காண வேண்டும். இப்போதைக்குப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரக்கூடியது எரிபொருள்தான். அதே ஆற்றலுக்கு திரவ ஹைட்ரஜன் மண்ணெண்ணெய் வகை எரிபொருளைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இடம் பிடிக்கும். மைனஸ் 253 டிகிரியில், கனமான காப்புறை போட்ட உருண்ட தொட்டியில் வைக்க வேண்டும். மெல்லிய இறக்கைக்குள் அது அடங்காது. ஏர்பஸ் 2020இல் வெளியிட்ட மூன்று ஹைட்ரஜன் விமானக் கருத்துருக்களில் இரண்டில், பயணிகள் அறைக்குப் பின்னால் தொட்டி போய்விட்டது. மூன்றாவது, உடலும் இறக்கையும் கலந்த அதே அகன்ற வடிவம்.