மாதக் கடைசியில் ஏன் எதுவும் மிஞ்சுவதில்லை?

கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரிடம் மாதம் எவ்வளவு சேமிக்கிறீர்கள் என்று கேட்டால், "சம்பளம் கைக்கும் வாய்க்குமே காணாது, இதில் எங்கே சேமிக்கிறது?" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அவருடைய சம்பளத் துண்டு வேறொன்றைச் சொல்லும். ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கிடப்படும் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், அவரிடமிருந்து 8 வீதமாக 4,800 ரூபாயும் முதலாளியிடமிருந்து 12 வீதமாக 7,200 ரூபாயும் சேர்ந்து, மாதந்தோறும் 12,000 ரூபாய் அவர் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த இந்த ஏற்பாட்டின்படி, ஐந்து ரூபாய்கூடச் சேமிக்க முடியவில்லை என்று உண்மையாகவே நம்பும் மனிதர், சம்பளத்தின் ஐந்திலொரு பங்குக்கு ஈடான தொகையைச் சேமித்து வருகிறார். அவரும் பொய் சொல்லவில்லை, துண்டும் பொய் சொல்லவில்லை. ஒரே ஆள் ஓரிடத்தில் தவறாமல் சேமிப்பதும் மற்றோரிடத்தில் தொடர்ந்து தோற்பதும் எப்படி என்பதுதான் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம்.

வீட்டு வாடகைக்கும் பாடசாலை வான் கட்டணத்துக்கும் லைட் பில்லுக்கும் திகதி உண்டு. கொடுக்காவிட்டால் கேட்டு வர ஆளும் உண்டு. சேமிப்புக்கு இரண்டுமே இல்லை. எல்லாம் போக மிஞ்சுவதைப் போடுவோம் என்று வைத்திருக்கும் வரையில், கேட்பவர் இருக்கும் செலவுகள் எல்லாம் முன்னே வந்து, கேட்பவர் இல்லாத அந்த ஒன்று மட்டும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறது.

இதற்கு மேல் கடைக் கொப்பி வருகிறது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்து ஒழுங்கைகளில் உள்ள சில்லறைக் கடைகளில் வாடிக்கைக் குடும்பத்துக்கென்று ஒரு கொப்பி இருக்கும்: திகதி, அரிசி, பருப்பு, பால்மா, தேங்காய், எதிரே தொகை. சம்பளம் வந்ததும் கூட்டிப் பார்த்துக் காசைக் கொடுத்து, அடியில் கோடு போட்டு வெட்டிவிடுவார்கள். அன்று மாலையே அடுத்த பக்கத்தில் புதுக் கணக்கு தொடங்கிவிடும். இதன் பொருள், இந்த மாதச் சம்பளம் போன மாதச் சாப்பாட்டுக்குப் போகிறது என்பதாகும். கொப்பிக்கு வட்டி எழுதப்படுவதில்லை என்பதற்காக அது இலவசமும் அல்ல. மலிவாகக் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, கடன் கிடைக்கும் இடத்தில்தான் வாங்கியாக வேண்டும்.

கையில் காசு இல்லாததால் வரும் இந்த மறைமுகச் செலவை அளந்து பார்த்தவர்கள் உண்டு. யெஷிம் ஓர்ஹுன், மைக் பலாசோலோ என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் குடும்பங்கள் கழிவறைக் காகிதம் வாங்கிய விதத்தைப் பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பொருள் வேடிக்கையானது என்றாலும் தெரிவு கெட்டித்தனமானது: அது கெட்டுப்போகாது, மலிந்தது என்பதற்காக யாரும் கூடுதலாகப் பயன்படுத்தப் போவதுமில்லை. வருமானம் குறைந்த குடும்பங்கள் மலிவு விலையின்போது வாங்கி வைப்பதும் பெரிய பொதியாக வாங்குவதும் குறைவாக இருந்தது. மாதத் தொடக்கத்தில், கையில் பணம் இருக்கும் நாட்களில், அந்த வித்தியாசம் சுருங்கியது. அதாவது அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கணக்குப் பார்த்து வாங்குவதற்கு முன்பணம் தேவைப்பட்டது. ஷாம்பூவைப் போத்தலாக வாங்காமல் சிறு பைக்கட்டாக வாங்கும் நம்மூர்க் குடும்பத்தின் நிலையும் இதுதான்.

பணத் தட்டுப்பாடு சிந்தனையையே பாதிக்கிறதா என்ற கேள்விக்குப் பரவலாக எடுத்துக்காட்டப்படுவது 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும் அறுவடைக்குப் பின் பணம் வந்தபோதும் சோதித்தார்கள். ஒரே விவசாயி அறுவடைக்கு முன் மனப் புதிர்களில் குறைந்த பெறுபேற்றையே பெற்றார். கரும்பு வெட்டும் திகதியை ஆலை தீர்மானிப்பதால் அது ஆளுக்கு ஆள் மாறுபட்டது. ஆகவே பருவத்தின் மீது பழி போட முடியாது. எனினும் 2016இல் கார்வால்யோ, மையர், வாங் ஆகிய மூவரும் அமெரிக்காவின் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்குச் சற்று முன்னும் பின்னும் சோதித்தபோது, அறிவுத்திறனில் அப்படி எந்த வேறுபாட்டையும் காணவில்லை. பணம் சம்பந்தப்பட்ட தெரிவுகளில் மட்டும், சம்பளத்துக்கு முன்னிருந்தவர்கள் பிறகு கிடைக்கும் பெரிய தொகையைவிட இப்போதே கிடைக்கும் சிறிய தொகையைக் கூடுதலாக விரும்பினார்கள். பணமல்லாத தெரிவுகளில் அவசரம் தெரியவில்லை. கொப்பியோடு வாழும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது முடிவே நன்றாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூளை மங்கிவிட்டது என்பதைவிட, நாளைக்குப் பால்மா வாங்கக் காசு இல்லாதவருக்கு இன்றைய ஆயிரம் உண்மையிலேயே பெறுமதி கூடியது என்பது எளிய விளக்கம்.

அப்படியானால் சேமலாப நிதி வெற்றி பெறுவது ஏன் என்பது தெளிவாகிறது. அந்தப் பணம் கைக்கு வருவதே இல்லை. தெரிவு என்ற ஒன்று அங்கே எழுவதில்லை. சீட்டும் ஏறத்தாழ இப்படித்தான் வேலை செய்கிறது. பத்துப் பேர் மாதம் 10,000 ரூபாய் போட்டு, மாதம் ஒருவராக 100,000 ரூபாய் எடுக்கிறார்கள். முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. எனினும் வட்டி கிடைக்காது என்று தெரிந்தும் கடைசி எண்ணை விரும்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது சேமிப்புக்கு ஒரு திகதியையும், கேட்டு வரும் ஓர் ஆளையும். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சீட்டுக்காசு கொடுக்காமல் முகத்தில் விழிக்க முடியாது என்ற கூச்சத்தை எந்த வங்கியாலும் தர இயலாது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, இலக்கை எட்டும்வரை எடுக்க முடியாத கணக்கொன்றை வழங்கிப் பார்த்தது. 28 வீதத்தினர் அதை ஏற்றார்கள், ஓராண்டில் அது வழங்கப்பட்டவர்களின் சேமிப்பு மற்றவர்களுடையதைவிட 81 வீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

சீட்டின் பலவீனத்தை 2022 காட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாகவும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாகவும் இருந்தன. ஓராண்டுக்கு முன் 100,000 ரூபாய்க்கு வாங்கிய பொருட்களுக்கு ஏறத்தாழ 170,000 ரூபாய் தேவைப்பட்டபோது, கடைசி எண்ணை வைத்திருந்தவர்கள் கையில் வாங்கிய சீட்டுக்காசின் பெறுமதி, ஓராண்டுக்கு முன்னிருந்ததில் பாதிக்குச் சற்றுக் கூடியதாகவே இருந்தது. செட்டியார் தெருவில் நகை வாங்கி வைத்து, முடைக்கு அடைவு வைக்கும் பழக்கம் இந்த ஆபத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்கிறது. ஆனால் மீட்கும்போது வட்டி கட்ட வேண்டும்.

ஆக, ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கக்கூடிய சேமலாப நிதிச் சேமிப்பு ஒரு பக்கம். அடுத்த வாரத்துக்கான பணம் இல்லாமை மறு பக்கம். செலவே வருமானத்தை மிஞ்சும் வீட்டில் எந்த ஏற்பாடும் பணத்தை உண்டாக்காது. அங்கே பேச வேண்டியது சம்பளத்தைப் பற்றி. ஓரளவு சமாளிக்கும் வீட்டில், முதற் சேமிப்பு வங்கிப் புத்தகத்தில் தெரிய வேண்டியதில்லை. மாதக் கொப்பி 25,000 ரூபாய் என்றால், அந்தத் தொகை ஒரே ஒரு முறைதான் தேவை. சீட்டு விழும் மாதத்தில் அதை வைத்துக் கணக்கை வெட்டி, அடுத்த பக்கத்தைத் தொடங்காமல் விட்டால், அதன்பின் அந்தந்த மாதச் சம்பளம் அந்தந்த மாதச் சாமானுக்கே போகும். அரிசியை எந்தக் கடையில், எத்தனை கிலோவாக வாங்குவது என்பதை வீட்டார் தீர்மானிக்கலாம்.