சத்துமாவோடு ஆலோசனையும் கேட்டு வாங்குங்கள்

அங்கன்வாடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சத்துமாவு பாக்கெட்தான். கையெழுத்துப் போட்டோமா, பாக்கெட்டை வாங்கினோமா, கிளம்பினோமா என்று வந்துவிடுகிறோம். ஆனால் அங்கே தாய்க்குச் சேர வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைக்கு எதை, எப்போது, எவ்வளவு ஊட்டுவது என்ற ஆலோசனை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஆறு சேவைகளில் 'ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி' தனியாகவே ஒன்று. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதற்கு வருமான வரம்பு கிடையாது. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும், 6 மாதம் முதல் 6 வயது வரை குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் எதுவும் தர மாட்டார்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சரி, ஆலோசனையை எப்படிக் கேட்பது? எடை பார்க்கும் நாள்தான் நல்ல நேரம். எடையைச் சொன்னதும் கிளம்பாமல், வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது, போன மாதம் எங்கே இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் காரணம் தேட வேண்டும். அண்மையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததா, சாப்பாடு குறைந்ததா? உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் சத்துக்குறைவு எடையைவிட உயரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

பெரும்பாலும் சறுக்குவது ஏழாம் மாதத்தில்தான். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பார்கள். சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே ஒழுகாத பதத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்க்கலாம். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை. 9 மாதத்துக்கு மேல் 3, 4 வேளை, இடையில் ஒன்றிரண்டு தின்பண்டம். அப்புறம் பருப்பு, முட்டை, கீரை, பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும், அதற்குப் பிறகும் தொடரலாம். சத்துமாவு குழந்தையின் பங்கு. வீட்டில் எல்லோருக்கும் கொழுக்கட்டையாகப் பிடித்துவிட்டால் அது பாக்கெட்டின் தவறில்லை!

ஆலோசனையைக் கேட்க மாமியாரையோ கணவரையோ கூட்டிக்கொண்டு போவது நல்லது. ஊட்டுவது பல வீடுகளில் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

உணவு வராமல் போனால், சட்டத்தின் 8-வது பிரிவின்படி மாநில அரசு அதற்கு ஈடாக 'உணவுப் பாதுகாப்புப் படி' என்ற பணத்தைத் தர வேண்டும். முதலில் அங்கன்வாடிப் பணியாளரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.